படகுக்கும் காப்பு

மாலை நாலே முக்காலுக்கு ஏரிக்கு அக்கரையில் பம்பை அடிக்கத் தொடங்கினார்கள். வீட்டில் கார் சாவி போடும் கிண்ணத்தில் ஒரு வெள்ளைப் பொத்தான் கிடக்கிறது. அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அந்தச் சத்தம் கேட்கிறது. மகள் இப்போது கல்லூரி விடுதியில் இருக்கிறாள். அவள் போனில் லேசாக இருமினாலும் என் கை சட்டைப் பையைத் தடவிப் பார்க்கிறது. அதில் எப்போதும் ஓர் இன்ஹேலர் வைத்திருக்கிறேன். அன்று வைத்திருக்கவில்லை.

பிளஸ் டூ பரீட்சைக்கு முன்பு ஒரே ஒரு ஞாயிறு வெளியே போகலாம் என்று அவள் கெஞ்சியதால், விழுப்புரத்திலிருந்து காரை எடுத்துக்கொண்டு திண்டிவனம் பக்கத்து ஏரி ஒன்றுக்குப் போனோம். பின்மழையில் நிரம்பிய ஏரி, மாசியிலும் தளும்பியது. அக்கரையில் மல்லாட்டை என்று அங்கே சொல்லும் வேர்க்கடலைக் கொல்லைகள், அதற்கப்பால் மொட்டைப் பாறைக் குன்று. ஊர்க்காரர்களுக்காக ஓடும் படகில்தான் போக வேண்டும். படகுக்காரர் எங்களை ஏற்றிக்கொண்டதே வேண்டாவெறுப்பாகத்தான். இன்று அம்மனுக்குக் காப்புக் கட்டுகிறோம், பம்பை அடித்தால் படகு நின்றுவிடும் என்று ஏறும்போதே சொன்னார். எங்களைச் சீக்கிரம் கிளப்பிவிடுவதற்கான பேச்சு என்று நினைத்துக்கொண்டேன்.

அக்கரையில் ஒரு பெண்மணி புங்கமரத்தடியில் மல்லாட்டை ஆய்ந்துகொண்டிருந்தார். காயப்போட்டிருந்த காயை மகள் மிதித்துவிட்டாள் என்று, "கண்ணு போட்டோல இருந்தா காலு இப்படித்தான் போவும்" என்றார். அந்தச் செடித் தூசியோ என்னவோ, சற்று நேரத்தில் மகளுக்கு இழுப்பு தொடங்கியது. இன்ஹேலர் காரில். அவளால் சேற்றில் இறங்கிப் படகேற முடியவில்லை. மரத்தடியிலேயே உட்காரச் சொல்லிவிட்டு நான் மட்டும் படகில் இக்கரைக்கு வந்தேன். படம் எடுத்தே அவள் போனில் சார்ஜ் தீர்ந்திருந்தது.

இன்ஹேலர் சீட்டுக்கு அடியில் விழுந்து கிடந்தது. தேடி எடுத்துக்கொண்டு ஓடி வருவதற்குள் பம்பை எழுந்துவிட்டது. படகுக்காரர் துடுப்பைக் கரையில் வைத்துவிட்டு, படகின் முனையில் வேப்பிலையை மஞ்சள் நூலால் கட்டிக்கொண்டிருந்தார். பம்பை எழும்போது படகு எந்தக் கரையில் நிற்கிறதோ அங்கேயே அதற்கும் காப்பு. மறுநாள் பொங்கல் வைக்கும்வரை தண்ணீரில் இறங்காது.

மகள் மூச்சுக்குத் தவிக்கிறாள் என்று கத்தினேன். "அதான் மொதல்லயே சொன்னனே சார். இனிமே இது அம்மனோட படகு" என்றார். போலீஸைக் கூப்பிடுவேன் என்றேன். "கூப்புடுங்க. அவங்களும் நீஞ்சிக்கினுதான் போவணும்."

அந்தச் சிரிப்பில்லாத கேலி என்னை என்னவோ செய்துவிட்டது. அவர் சட்டையைக் கொத்தாகப் பிடித்து உலுக்கினேன். அவர் திருப்பி அடிக்கவில்லை. என் கையை விலக்கிவிட்டுத் தள்ளிப்போய், முதுகைக் காட்டிக்கொண்டு போனில் தணிந்த குரலில் பேசினார். ஆள் சேர்க்கிறார் என்றுதான் நினைத்தேன்.

ஏரிக்கரைமேல் கார் போகாது. அக்கரைக்குச் சுற்றி நடந்தால் ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். நான் ஓட்டமும் நடையுமாகப் போனேன். வீட்டுக்குப் போக அவருக்கும் அதுதான் வழி. பின்னாலேயே வந்தார். ஒரு வார்த்தை பேசவில்லை. தண்ணீருக்கு அந்தப் பக்கம் புங்கமரம் தெரிந்தது. அதனடியில் யாரும் இல்லை. அதைப் பார்த்த பிறகு நான் எப்படி நடந்தேன் என்று எனக்கு நினைவில்லை. பின்னால் கேட்ட செருப்புச் சத்தம் மட்டும் நினைவிருக்கிறது. அந்தச் சத்தத்தை அவ்வளவு வெறுத்தேன். உண்மையைச் சொன்னால், இன்றும் அந்த மனிதரை எனக்குப் பிடிக்கவில்லை. ஒரே ஒரு வாக்கியம் சொல்லியிருக்கலாம்.

ஏரி நிரம்பி வழியும் கலங்கலில், கணுக்கால் அளவுத் தண்ணீரைக் கடந்து ஒரு மொபெட் எதிரே வந்தது. ஓட்டி வந்தவர் அந்த மல்லாட்டைப் பெண்மணி. பின்னால் அவர் தோளில் தலையைச் சாய்த்தபடி என் மகள். மணிக்கட்டில் காப்பு நூலோடு அந்தப் பெண்மணி வண்டியை நிறுத்தி, படகுக்காரரைப் பார்த்து, "போன் வந்தவொடனே கெளம்பிட்டேன். இவருகிட்ட சொல்லலியா நீ?" என்றார்.

"எங்க சொல்ல உட்டாரு" என்றார் அவர்.

நான் உள்ளங்கையை விரித்தேன். மகள் இன்ஹேலரை எடுத்து வாயில் வைத்து இழுத்தாள். இன்னொரு முறை இழுத்த பிறகு அவள் தோள்கள் தணிந்தன. என் கையில் அந்த வெள்ளைப் பொத்தான் மிஞ்சியிருந்தது. நூல்கூட அறுபடாமல் துணியோடு பிய்ந்து வந்திருந்தது.

அந்தப் பெண்மணி பொத்தானைப் பார்த்தார். பிறகு தன் கணவரான படகுக்காரரின் திறந்த மார்பைப் பார்த்தார். நான் பொத்தானை அந்தப் பெண்மணியிடம் நீட்டினேன். அவர் வாங்கிக்கொள்ளவில்லை.

"புதுச் சட்டை. காப்புக்குன்னு நேத்துதான் எடுத்தோம்" என்றார்.