உள்பக்கத் தாழ்ப்பாள்

என் கையெழுத்து கோழி கிளறிய மண்போல இருக்கும். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடம் நின்றுபோனதால் எழுத்துப் பிழைகளும் நிறைய வரும். படிக்கிறவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். வெயிலில் காயும் ரப்பர் டியூபின் வாசனை மூக்கில் பட்டதால்தான் எழுத உட்கார்ந்தேன். தொண்ணூறுகளில் பேட்டையில் எங்கள் வீட்டு முற்றத்தில் எப்போதும் அந்த வாசனை உண்டு. ஸ்கூட்டர் டியூபில் பாதிக் காற்று அடைத்து, ரெக்சின் உறை போட்ட என் மெத்தையை அம்மா தினமும் கழுவிக் காயப்போடுவாள்.

வாய்க்கால் கரை நாவல் மரத்திலிருந்து விழுந்து முதுகெலும்பு முறிந்தபோது எனக்குப் பதினொரு வயது. இடுப்புக்குக் கீழே உணர்ச்சி போய்விட்டது. அதன்பின் வீட்டுக்குள் ஒவ்வொரு சாமானாக வந்து சேர்ந்தது. கட்டிலுக்கு மேலே உத்திரத்தில் ஒரு கயிறு, நான் பிடித்து எழுந்து உட்கார அதன் நுனியில் பழைய சைக்கிள் ஹேண்டில்பார். முதுகில் எங்காவது சிவந்திருக்கிறதா என்று நானே பார்த்துக்கொள்ள, நீளக் குச்சியில் கட்டிய முகக்கண்ணாடி. சிறுநீருக்குக் குழாயும் பையும். கட்டிலிலிருந்து நாற்காலிக்கு நகர இழைத்த வேப்பம்பலகை. தோல் உரசாமலிருக்க அதில் அம்மா முகப் பவுடர் தூவுவாள். ரைஸ் மில்லில் மூட்டை தூக்கிவிட்டு வரும் அப்பா அதைப் பார்த்து, "பலகைக்குப் பவுடர் போட்டாச்சா? இனி மாப்பிள்ளை வீட்டுக்காரங்கள வரச் சொல்லலாம்" என்பார்.

இத்தனை இருந்தும் கக்கூஸுக்கு நானாகப் போக முடியவில்லை. அது புறவாசலில் இருந்தது. நான் கிடந்த முன்னறையிலேயே, அம்மா என்னைப் புரட்டித் தட்டு வைத்து எடுக்க வேண்டும். யாராவது வந்துவிட்டால் பழைய சேலை ஒன்றை "மறைப்பு" கட்டுவாள். மீசை அரும்பிய வயதில், சேலைக்கு அந்தப் பக்கம் அத்தைமார் காப்பி குடித்துக்கொண்டு மழையைப் பற்றிப் பேச, இந்தப் பக்கம் நான் மூச்சை அடக்கிக்கொண்டு கிடப்பேன். யாரிடமும் சொல்லக் கூச்சம். சோற்றைக் குறைத்தால் தட்டு வேண்டியிருக்காது என்று நானே ஒரு கணக்குப் போட்டேன். உடம்பு மெலிந்து எலும்பு துருத்த, ஒருநாள் கண்ணாடியில் படுக்கைப் புண்ணின் சிவப்புத் தெரிந்தது.

"ஏம்லே, சோறே எறங்க மாட்டேங்கு?" என்று அப்பா கேட்டார். நான் கொடியில் கிடந்த மறைப்புச் சேலையைப் பார்த்தேன். அவரும் அதைப் பார்த்தார்.

மறுநாள் காலை, எங்கள் தெருவில் வெல்டிங் பட்டறை வைத்திருந்த காதர் மாமாவைக் கூட்டிவந்தார். மாமா கதவு நிலைகளை நூலால் அளந்து, இருக்கையில் ஓட்டையும் சின்னப்பிள்ளை சைக்கிளின் சக்கரங்களுமாக ஒரு நாற்காலி செய்தார். அப்பா புறவாசலில் சிமெண்டுப் பாதை போட்டார். வெள்ளிக்கிழமைதோறும் மஞ்சள் பூசும் நிலைப்படியில் உளி படக் கூடாது என்று அம்மா சொல்லிவிட்டதால், மாமா அதன்மேல் தகட்டில் ஒரு பாலம் போட்டுக் கொடுத்தார்.

எல்லா வேலையும் முடிந்த அன்று வேடிக்கை பார்க்க ஆட்கள் கூடிவிட்டார்கள். தகட்டின்மேல் ஏறி நிலைக்குள் நுழைந்தேன். நாற்காலி நுழைந்தது, என் கைகள் நுழையவில்லை. சக்கரத்தைப் பிடித்திருந்த விரல் முட்டிகள் நிலையில் உரசித் தோல் உரிந்தது.

மாமா தலையில் அடித்துக்கொண்டார். "அல்லாவே! நாக்காலிய அளந்தேன், உருட்டுத கைய அளக்கலையே!"

"என்ன வே, பய கையக் கழத்தி வச்சிட்டுத்தான் போவணுமா?" என்றார் பக்கத்து வீட்டு அண்ணாச்சி. எல்லாரும் சிரித்தார்கள்.

"நவுருங்க, நான் தள்ளுதேன்" என்று அம்மா வந்தாள்.

"தள்ளாதம்மா!" என்று கத்தினேன். நான் அப்படிக் கத்தி அதுவரை யாரும் கேட்டதில்லை. சக்கரத்தை விட்டுவிட்டு, நிலையின் இரண்டு பக்கத்தையும் கைகளால் பற்றினேன். மூன்று வருஷம் கயிற்றைப் பிடித்துத் தொங்கிய கைகள். ஒரே இழுப்பு, நாற்காலி அந்தப் பக்கம் போய் நின்றது.

கக்கூஸ் வாசலில் நாற்காலியைத் திருப்பி, அதே போல நிலையைப் பிடித்துத் தள்ளிப் பின்புறமாக உள்ளே போனேன். கதவில் கட்டியிருந்த கயிற்றை இழுத்து மூடினேன். தாழ்ப்பாளைப் போட்டேன்.

"ஏலே, தாழா போட்ட? விழுந்தா என்னலே செய்வ? தொறலே!" என்று அம்மா கதவைத் தட்டினாள்.

"சும்மா இரு. அவன் பாட்டுக்கு இருக்கட்டும்" என்றார் அப்பா.

"பைய வாரேன். எல்லாரும் போங்க" என்றேன்.

வேலை முடிந்த பிறகும் வெகுநேரம் உள்ளேயே இருந்தேன். மூன்று வருஷத்தில் முதல் தடவையாக என்னை யாரும் பார்க்கவில்லை. வெளியே வந்து, அன்று மத்தியானம் மூன்று தடவை சோறு வாங்கிச் சாப்பிட்டேன்.

அந்தக் கக்கூஸை இடித்து வருஷங்களாகிவிட்டன. மாமாவின் பட்டறை இருந்த இடத்தில் செல்போன் கடை இருக்கிறது. இப்போது என்னிடம் இருப்பது மடக்கி வைக்கும் நாற்காலி. வீட்டுக் கதவுகளெல்லாம் கைகளையும் சேர்த்து அளந்து வைத்தவை. "தாழ் போடாதீங்கன்னு எத்தன தடவ சொல்லுதேன், விழுந்து கெடந்தா கதவ யாரு ஒடைக்க?" என்று என் மனைவி சத்தம்போடுகிறாள். நியாயமான கேள்விதான். ஆனாலும் உள்ளே போனதும் தாழைப் போட்டுக்கொள்கிறேன்.

எழுதி முடித்தது: தை மாதம் ஐந்தாம் தேதி, ஞாயிற்றுக்கிழமை காலை.