கோணல் வரிசை

குன்றை வெட்டி வீடு கட்டினால் இதுதான் தொல்லை. வைகாசி நடுவில் இடவப்பாதி மழை தொடங்கினால் பின்பக்கச் சரிவிலிருந்து செம்மண் வழிந்து அடுக்களை வாசலுக்கே வந்துவிடும். புல் இருந்தது, இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் அந்தச் செங்குத்துக்குப் புல்லின் வேர் எந்த மூலைக்கு? இட்லிப்பூ என்கிறார்களே, அந்தத் தெச்சிச் செடி வைத்தால் மண்ணைப் பிடித்துக்கொள்ளும் என்று நானே இறங்கிவிட்டேன்.

என் வீட்டுக்காரர் படுத்திருக்கும் அறையின் ஜன்னலும் அந்தச் சரிவைப் பார்த்துத்தான் இருக்கிறது. பள்ளிக்கூடத்தில் விளையாட்டு வாத்தியாராக இருந்தவர். போன வருஷம் பக்கவாதம் வந்து ஒரு கையையும் வாயையும் இழுத்துவிட்டது. பேசப் பேசத்தான் பேச்சு திரும்பும் என்றார் டாக்டர். இவர் பேசினால்தானே! பார்க்க வந்த பழைய மாணவர்கள் முன்னால் வார்த்தை குழறிவிட்டது. அன்றைக்கு மூடிய வாய்தான். தண்ணீர் வேண்டுமென்றால்கூட டம்ளரைக் காட்டுவார். மைதானம் முழுக்கக் கேட்கக் கத்தின மனுஷன்!

"இஞ்ச பாருங்க, எங்கிட்ட கொழறினா என்ன? நான் என்ன இன்ஸ்பெக்டரா?" என்று கேட்டும் பார்த்தேன். சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார். இப்படியே இருந்துவிடுவாரோ என்ற நினைப்பிலேயே நாட்கள் போயின.

செடி வைக்கிற அன்று மேலே நின்ற பலாமரத்தில் கயிற்றைக் கட்டி, மறுமுனையை இடுப்பில் சுற்றிக்கொண்டேன். கீழ்வீட்டுக்காரி தெச்சித் தைகளை ஒவ்வொரு கன்றாக எடுத்துத் தந்தாள். புல்லை மொத்தமாகச் செதுக்கி எடுக்கவில்லை. ஒரு சட்டி அகலத்துக்கு மட்டும் வெட்டி, செடியை நட்டு, பள்ளத்துப் பக்கம் மண்ணை அணைத்துக் கல் வைத்தேன். கொஞ்சம் செடிகள் நேராகத்தான் போயின. அப்புறம் மண்வெட்டி பாறையில் இடித்தது. சற்றுக் கீழே இறக்கி நட்டேன்.

ஜன்னல் கம்பியில் தட்டும் சத்தம். கைத்தடியால் தட்டி, மேலே மேலே என்று காட்டுகிறார். முகத்தில் அப்படியொரு கோபம். கல்யாண வீட்டில் இலைகள் வளைந்து கிடந்தால் இழுத்து நேராக்கிவிட்டுத்தான் உட்காருவார். அப்படிப்பட்ட ஆளுக்கு இது பொறுக்குமா?

எனக்குச் சட்டென்று உறைத்தது. அடுத்த குழியில் பாறை ஒன்றும் இல்லை. வேண்டுமென்றே இன்னும் கீழே இறக்கி நட்டேன். தட்டல் பலத்தது.

"என்னதுன்னு சொல்லுங்க, கேக்கல்ல!"

"யக்கா, சாருக்கு என்னமோ வேணும் போல. போயிப் பாருங்க," என்றாள் கீழ்வீட்டுக்காரி.

"சவத்த விடு பிள்ள, நீ தைய எடு."

அடுத்ததைப் படு கோணலாக வைத்தேன். கைத்தடி கம்பிக்கு வெளியே நழுவி விழுந்தது. இனித் தட்டவும் ஒன்றும் இல்லை. பாவம், அதிகமாகச் சீண்டிவிட்டோமோ என்று மண்வெட்டியைக் கீழே வைத்தேன்.

"ஏ... ஏட்டி!"

கல்யாணமான புதிதில் எனக்கு அறவே பிடிக்காத சொல் அது. நாலுபேர் முன்னால் அப்படிக் கூப்பிடக்கூடாது என்று சண்டைபோட்டு நிறுத்தியிருந்தேன்.

"வ... வளயுது ஏட்டி!"

குழறலாகத்தான் வந்தது. நான் புல்லிலேயே உட்கார்ந்து ஓவென்று அழுதேன். அழுதுகொண்டே, "வளஞ்சா வந்து நேராக்குங்க!" என்று கத்தினேன். அதற்கும் உள்ளேயிருந்து ஏதோ திட்டு வந்தது.

இப்போது தெச்சி பூத்திருக்கிறது. இந்த மழைக்கு மண் வழியவில்லை. வரிசையை நான் நேராக்கவும் இல்லை. காலையில் காப்பியோடு போனால், ஜன்னலைக் காட்டித் திட்டுவார். திட்டு வரவரத் தெளிவாகிறது.

நேற்று அவருடைய பழைய மாணவர்கள் மறுபடியும் வந்திருந்தார்கள். எல்லோரும் சுற்றி உட்கார்ந்திருக்கும்போது உரக்கக் கூப்பிட்டார்.

"ஏட்டி, குடிக்க வெள்ளம் கொண்டா."

ஓடினேன்.