கப்பலா, வேனா?

முப்பத்தோரு வருஷம் பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவருக்கு, குடும்பச் சுற்றுலா என்ற பேச்செடுத்தாலே இடுப்பு வலித்தது. மகன் சாப்பாட்டு மேஜையில் தீவுகளைச் சுற்றும் கப்பலின் படத்தையும் மலைப்பாதை வரைபடத்தையும் விரித்து வைத்தான்.

"கப்பல்னா அவன் நிறுத்துற எடத்துலதான் எறங்கணும்பா. வேன்னா நம்ம இஷ்டம்."

"ரோடெல்லாம் உங்களுக்குத் தண்ணி பட்ட பாடாச்சே," என்று மனைவியும் ஒத்து ஊதினாள்.

போன தடவை எல்லோரும் அருவியில் ஆட்டம் போட்டபோது அவர் வண்டிக்குள் அடித்துப் போட்டதுபோல் தூங்கினார். அந்தப் பயணத்துப் படம் ஒன்றில்கூட அவர் இல்லை.

"கப்பலுக்கே போடு," என்றார்.

"கடல் ஒத்துக்குமாப்பா? வாந்தி வரும்."

"வந்துட்டுப் போகட்டும். அங்க எவனும் என் கையில சாவியக் குடுக்க மாட்டான்."