வாளியில் பிடித்த தண்ணீர்

எங்கள் வீட்டு மல்லிகைச் செடியின் இலைகள் ஓரத்திலிருந்து கருகத் தொடங்கியபோது, நானும் ஏதோ நோய் என்றுதான் நினைத்தேன். பாலவனத்தம் வெயிலுக்கே அசராமல் பூத்த செடி அது. கருகிய கிளைகளை வெட்டினேன். என் கணவர் அருப்புக்கோட்டையில் மருந்து வாங்கிவந்து அடித்தார். புதுத் துளிரும் கருகியது.

"இந்தா, வேரோட புடுங்கிருவோம். பக்கத்துல நிக்கிற செம்பருத்திக்கும் ஒட்டிக்கிரும்" என்றார்.

தூரைச் சுற்றித் தோண்டினேன். மண்ணில் வெள்ளை வெள்ளையாய்ப் படிந்திருந்தது. ஒரு துணுக்கை நாக்கில் வைத்தேன். கரித்தது.

போர்த் தண்ணீர் குடித்துத்தான் அவருக்குச் சிறுநீரகத்தில் கல் வந்தது. அதற்காக ஃபில்டர் மாட்டினோம். அது பிரித்துத் தள்ளும் உப்புத் தண்ணீரை வீணாக்க மனமில்லாமல், தினமும் வாளியில் பிடித்துச் செடிக்கு ஊற்றியவள் நான். அவர் உடம்புக்குப் போகாத உப்பெல்லாம் வேருக்குப் போயிருக்கிறது.

"இனிமே வேற தண்ணி ஊத்துவோங்க."

"எந்தத் தண்ணிய? போர்ல வாரதும் உப்புதான. குடிக்கிற தண்ணிய ஊத்தச் சொல்றியா?"

ஒரு நல்ல மழை பெய்தால் உப்பைக் கழுவிக்கொண்டு போகும் என்று காத்திருந்தோம். பெய்யவில்லை. மல்லிகை விறகாகிவிட்டது.

இப்போதும் வாளி நிறைகிறது. சாக்கடை வரை தூக்கிப் போகிறேன். குடத்தோடு தண்ணி லாரிக்குக் காத்துக்கிடந்த கை இது, கவிழ்க்க வரவில்லை. வாளியோடு திரும்பிவிடுகிறேன்.

செம்பருத்தி இலைகளும் ஓரத்தில் கருகத் தொடங்கிவிட்டன.