மிளகாய்ச் செடிக்கு மீன் தண்ணீர்

வேலை போய் மூன்று மாதம். அதற்குப் பிறகு நான் உருப்படியாகத் தொடங்கியது மொட்டைமாடியில் வைத்த பத்து மிளகாய்ச் செடிகள்தான்.

ஒன்பது செத்துவிட்டன.

இன்று கடைசிச் செடியைத் தொட்டியோடு தூக்கிக்கொண்டு, பஸ் ஏறி நர்சரிக்கு ஓடினேன்.

கடைக்காரர் இலையைப் பார்த்தார். "இன்னா ஊத்துற?"

"மீன் தண்ணி. மீன் கழிவு நல்ல உரம்னு வீடியோல பார்த்தேன். கீழ்வூட்டு மேரியக்கா காசிமேட்டுல மீன் விக்கிறாங்க. அவங்க பெட்டில ஐஸ் கரைஞ்ச தண்ணிய தெனமும் வாங்கி ஊத்துறேன்."

அவர் தலையில் கைவைத்துக்கொண்டார். "ஐஸோட கல்லுப்பு போட்டுத்தான் நைனா மீனை அடுக்குவாங்க. செடிய கருவாடு போட்டுக்கினு கீறியே!"

பிறந்ததிலிருந்து ராயபுரத்தில் மீன் தின்கிறேன். இது தெரியவில்லை.

அவரே மண்ணை மாற்றிக் கொடுத்தார். "நல்ல தண்ணி மட்டும் ஊத்து. பொழைச்சாலும் பொழைக்கும்."

வீட்டுக்கு வந்து செடியை மாடியில் வைத்தேன். நல்ல தண்ணீர் எடுக்கக் கீழே போய்த் திரும்புவதற்குள், மேரியக்கா முட்டிவலியோடு மாடி ஏறியிருந்தார். கையில் காலி பக்கெட்.

"பாவம், வாடிப்போய் கீது. இன்னிக்கு நானே ஊத்திட்டேன் நைனா."

"ரொம்ப தேங்க்ஸ்க்கா" என்றேன்.

உப்பில் வளரும் காய்கறி ஏதாவது இருந்தால் சொல்லுங்கள். அவரிடம் உண்மையைச் சொல்ல எனக்குத் தெம்பில்லை.