நெத்திலி வாசனை அடித்த செம்மறி

போன புதன்கிழமை வீட்டுக்கு ஒரு தூக்குச்சட்டி வந்தது. உள்ளே மட்டன் குழம்பு. மூடியின் மேல் ரப்பர் பேண்ட் போட்டு ஒரு சிவப்புப் பேனா.

"குழம்பு சரி, பேனா எதுக்குங்க?" என்றாள் மனைவி.

எனக்குத் தெரியும். சொல்லத்தான் வெட்கம். அவளிடம் சொன்னதை உங்களிடமும் சொல்லிவிடுகிறேன்.

அனுப்பியது ஆரோக்கியமேரி டீச்சர். வரதராஜன்பேட்டைக்காரர். ஜெயங்கொண்டம் பக்கம் ஒரு பள்ளியில் நான் கணக்கு, அவர் அறிவியல். ரிட்டயர் ஆனதும் நான் பெரம்பலூருக்கு வந்து ஈஸி சேர் வாங்கினேன். அவர் முப்பது செம்மறிக் குட்டி வாங்கினார். மேய்ச்சலுக்கு விடாமல், கொட்டகையிலேயே அடைத்துத் தீவனம் போட்டு வளர்ப்பது.

"வெளிய மேயுற ஆடு கண்டதையும் திங்கும் சார். இது நாம குடுக்குறத மட்டும்தான் திங்கும்" என்றார் பெருமையாக. பிரச்னையே அதுதான் என்று அப்போது எங்கள் இருவருக்கும் தெரியாது.

மக்காச்சோளம், கடலைப் புண்ணாக்கு... அதோடு சீக்கிரம் எடை ஏற வேண்டும் என்று, யூடியூபில் யாரோ சொன்னதைக் கேட்டு, கருவாட்டுத் தூள். ஆடு கருவாடு தின்னுமா? சோளத்தோடு கலந்தால் தின்னும். தின்று நன்றாகவே வளர்ந்தன.

முதல் பேட்ச் ஈஸ்டருக்கு. ஊரில் இருபத்திரண்டு வீட்டில் கறிக்குச் சொல்லி வைத்தார்கள். அவர்கள் வாய்க்குப் பிடித்தால் பண்ணை நிற்கும். பிடிக்காவிட்டால், டீச்சர் ஆடு வளர்த்த கதை ஊரில் நிற்கும்.

அறிவியல் டீச்சர் சோதிக்காமல் விற்பாரா? மூன்று வாரம் முன்னாலேயே ஒரு கிடாயை அறுத்தார். அங்கேதான் சிக்கல். அது தவக்காலம். ஈஸ்டர் வரை அந்த வீட்டில் யாரும் கறி தொட மாட்டார்கள். பக்கத்து வீட்டிலும் அப்படித்தான். தெரு முழுக்க ருசி பார்க்க ஒரு நாக்கு இல்லை.

எனக்கு போன் வந்தது. "நீங்கதான் சார் எந்த மாசமும் திம்பீங்க."

மறுக்க முடியாத உண்மை. பஸ் ஏறிப் போனேன்.

டீச்சர் குழம்பை உப்புக்குக்கூட நாக்கில் வைக்காமல் சமைத்திருந்தார். இலை போட்டுப் பரிமாறிவிட்டு, எதிரே உட்கார்ந்து என் வாயையே பார்த்தார். முதல் துண்டை வைத்தேன். கறி பஞ்சு. காரம் அளவு. வாசனை... நெத்திலி. சந்தேகமே இல்லை. கண்ணை மூடினால் கருவாட்டுக் குழம்பு.

"எப்படி சார்?"

"பிரமாதம் டீச்சர்."

ஏன் அப்படிச் சொன்னேன்? இலை போட்டவரிடம் குறை சொல்கிற தைரியம் நம்மில் எத்தனை பேருக்கு இருக்கிறது? நம்ப வேண்டுமே என்று இரண்டாம் தடவையும் கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன்.

ஈஸ்டர் விருந்துக்கும் என்னை அழைத்திருந்தார். பூசை முடிந்து வந்து எல்லோரும் உட்கார்ந்தோம். டீச்சரின் கணவர் அதிகம் பேசாத மனிதர். ஒரு துண்டு மென்றார். இன்னொன்று மென்றார்.

"நாப்பது நாளா மீனுதான் தின்னோம்" என்றார் நிதானமாக. "ஈஸ்டர் இன்னும் வரலையா?"

யாரும் சிரிக்கவில்லை. டீச்சர் ஒரு வாய் வைத்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"அன்னைக்கே இப்படித்தான் இருந்துச்சா சார்?"

"லேசா..."

"லேசான்னா?"

"நெத்திலி."

டீச்சர் கோபப்படவில்லை. பட்டிருந்தால் தேவலை.

"மூணு வாரம் இருந்துச்சே சார். தின்ன தீவனத்து வாடை கொழுப்புல போயி தங்கிக்கும், வாடை வந்தா கருவாட்ட நிறுத்திட்டு சோளமும் பசுந்தீவனமும் மட்டும் குடுங்க, அடங்கிரும்னு கால்நடை டாக்டரு சொல்லியிருந்தாரு. அதுக்குத்தான் முன்னாடியே அறுத்தேன். நான் உங்கள விருந்துக்குக் கூப்பிடல சார். திருத்தக் கூப்பிட்டேன்."

அதே நேரத்தில் இருபத்திரண்டு வீட்டு அடுப்பிலும் அந்தக் கறிதான் கொதித்துக்கொண்டிருந்தது. முப்பது வருஷம் பிள்ளைகள் பேப்பரில் தயவு தாட்சண்யமில்லாமல் சிவப்பு மையால் தப்பைச் சுழித்த கை இது. அவமானமாக இருந்தது.

இப்போது வந்திருப்பது இரண்டாவது பேட்ச்சில் சோதனைக்கு அறுத்த கிடா. கருவாடு கிடையாது. இந்த முறை சொல்லி வைத்திருப்பது ஒன்பதே வீடு.

தூக்குச்சட்டியைத் திறந்து ஒரு துண்டு சாப்பிட்டேன். நெத்திலி சுத்தமாக இல்லை. ஆனால்... மேலே விரல் கனத்துக்குக் கொழுப்பு உறைந்து நின்றது.

"நல்லாருக்குன்னே சொல்லிடுங்களேன், பாவம்" என்றாள் மனைவி.

போன் போட்டேன்.

"வாடை போயிடுச்சு டீச்சர். ஆனா கொழுப்பு ஜாஸ்தி. நாக்குல ஒட்டுது. சோளத்தக் குறைக்கணும்."

சொன்ன பிறகு, அந்த ஒன்பது வீட்டு ஆசையையும் கெடுத்துவிட்டோமோ என்று பயந்துவிட்டேன்.

"எனக்கும் அப்படித்தான் தெரிஞ்சுது சார்" என்றார் டீச்சர். "இப்ப தவக்காலம் இல்லையே. நேத்தே தின்னு பாத்துட்டேன்."

"அப்புறம் எனக்கு எதுக்கு டீச்சர் அனுப்புனீங்க?"

"பரீட்சை ஆட்டுக்கு இல்ல சார்."