கள்ளுக் கலயத்தில் முடிந்த சரித்திரப் பாடம்

திண்டிவனத்தில் என் ஏழாம் வகுப்பு. அன்று இருந்தவர்கள்: சரித்திர வாத்தியார் கோவிந்தன், மாணிக்கம், பலராமன், இஸ்மாயில், ராஜாம்பாள், நான்.

இன்று கொள்ளுப்பேத்தி போட்டோ அனுப்பியிருக்கிறாள். அவள் பள்ளியில் உடைந்த பானை ஓடு ஒன்றை மணலில் புதைத்து, தோண்டச் சொல்லி, "பழங்காலத்தில் இதை எதற்கு வைத்திருந்தார்கள்?" என்று கேட்டார்களாம். புதுப் பாடமாம்.

எங்களுக்கு அதை நடத்தியது மதுவிலக்கு வந்து கள்ளுக்கடைகளை மூடிய வருஷம். வாத்தியாரே புதைத்த உடைந்த கலயத்தை நாங்கள் தோண்டி எடுத்தோம்.

"ராஜா பால் குடிச்சது சார்" என்றான் மாணிக்கம்.

நான் சொன்னேன்: "பனைமரத்துக் கலயம் சார். கழுத்துல கயிறு தேஞ்ச தடம் இருக்குது. பதனி எறக்கினா, புளிக்காம இருக்க உள்ள சுண்ணாம்பு தடவியிருப்பாங்க. இதுல இல்ல. அப்ப இது கள்ளுக் கலயம்."

வாத்தியார் யோசித்தார். "கள்ளுக் கலயம் உனக்குத் தெரியுது. அப்ப உங்க வீட்டுல கள்ளு எறக்குறாங்க."

காரணம் காட்டி முடிவு சொல்வதில் என்னையே மிஞ்சிவிட்டார்.

"பதனி மட்டுந்தான் சார். ராஜாம்பாள் அப்பாவும் எங்க அப்பாகூடத்தான் மரம் ஏறுறாரு. சுண்ணாம்பு விஷயம் அவளுக்கும் தெரியும், கேளுங்க."

"எனக்கு ஒண்ணும் தெரியாதுங்க சார்" என்றாள் ராஜாம்பாள்.

"உன் வாயால வூட்டுக்குப் போலீஸ் வந்துடும்" என்று அப்பா மறுநாளே என் படிப்பை நிறுத்திவிட்டார். அவள் படித்து டீச்சரானாள்.

வாத்தியாரை எப்போதோ மன்னித்துவிட்டேன், அவர் மரம் ஏறாதவர். பயந்துபோன அப்பாவையும் விட்டுவிட்டேன். தெரிந்துகொண்டே தெரியாது என்றவளை என்ன செய்யலாம் என்று நீங்கள் கீழே எழுதுங்கள். நான் மன்னிப்பதாக இல்லை, ராஜாம்பாளை.